விலை போடாத மெனு

டிரில் மெஷினை அழுத்தியதும் சுவர் கொஞ்சமும் முரண்டு பண்ணாமல் உள்ளே வாங்கிக்கொண்டது குணாளனுக்குப் பிடிக்கவில்லை. சுவர் என்றால் கொஞ்சமாவது எதிர்க்க வேண்டும், கையில் அதிர வேண்டும், அப்போதுதான் ஸ்க்ரூவை நம்பிக் கொடுக்கலாம். இது பழைய சுண்ணாம்புக் காரை, மேலே தடவினால் பளிங்கு, உள்ளே வெறும் மாவு, குருசுக்குப்பத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற வீட்டைக் காலகாலமாக உப்புக்காற்று தின்றிருக்கிறது, இதில் போய் வரிசையாகத் தேக்குச் சட்டங்களை மாட்ட வேண்டும் என்று ஒரு மனிதருக்கு ஆசை. ஆசைப்பட்டவர் இந்த வீட்டுக்காரர், முசே மிஷேல். ஸ்டூல் மேல் ஏறி நிற்பது குணாளன். கீழே நின்று, கொஞ்சம் இடது பக்கம், இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே என்று சொல்லிக்கொண்டிருப்பது வசுமதி, அவன் மனைவி. காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, இன்றைக்குக் கடை லீவுதானே, அந்த மெஷினை எடுத்துக்கொண்டு கொஞ்சம் வர முடியுமா, அவருக்கு ஆள் கிடைக்கவில்லையாம் என்று கேட்டாள். எவருக்கு என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவர்கள் வீட்டில் அவர் என்றால் ஒருவர்தான். வந்து நுழைந்ததும், கூடம் இருட்டாக இருக்கிறதே என்று அவன் கண்ணைச் சுருக்குவதற்குள், வசுமதி கதவுக்குப் பின்னால் கையை விட்டு, பழைய கறுப்புச் சுவிட்சுகள் ஒரு கூட்டமாக இருந்ததில், பார்க்காமலேயே ஒன்றைத் தட்டினாள், சரியாக விளக்கு எரிந்தது. இன்னொன்றைத் தட்டினாள், மின்விசிறி. அவன் மெஷின் பெட்டியைக் கீழே வைத்தபடி அந்தக் கையையே பார்த்தான். சொந்த வீட்டிலேயே அவளுக்கு மாடிப்படி சுவிட்ச் எது என்று இன்றுவரை குழப்பம்.

மாட்ட வேண்டியவை எல்லாம் கூடத்துத் தரையில் சுவரோரம் சாய்ந்து நின்றன. பிரான்சில் எந்தக் காலத்திலோ இருந்த ஓட்டல்களும் கப்பல்களும் சாப்பிட வந்தவர்கள் முன்னால் வைத்த ஒயின் மெனு அட்டைகள். ஒன்றில் புகை விடும் கப்பல், ஒன்றில் திராட்சைக் குலையைத் தூக்கிப் பிடித்த பெண், ஒன்றில் படமே இல்லாமல் சுருள் சுருளாக எழுத்து, அதன் ஓரத்தில் யாரோ கோப்பையை வைத்து எடுத்த வட்டக் கறை. காகிதம் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மிஷேல் அங்கே ரயில்வே ஓட்டலில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் தேடித் தேடி வாங்கினாராம். மனைவி இறந்த பிறகு எல்லாவற்றையும் விற்றுவிட்டு இவற்றை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பினாராம். இந்தக் கூடத்தை ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையாக்கப் போகிறார், சுவர் நிறைய இவைதான் அலங்காரம். வீட்டில் வசுமதி முதல்முதலாக இதைச் சொன்னபோது, நெல்லித்தோப்பில் நம் பம்பு செட் கடைக்கு எதிரே ஒயின் ஷாப் போர்டு இருக்கிறதே, குவார்ட்டர் என்ன விலை, ஆஃப் என்ன விலை என்று, அதையும் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாமே என்றான் குணாளன். நல்ல தமாஷ் என்றுதான் நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததோடு, அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள். அந்தப் பார்வை இன்னும் எங்கேயோ முள்ளாக நிற்கிறது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பஸ் இங்கே நிற்காது என்று தெரியாமல் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவள் மேஜை. அந்த மேஜையில் கல்யாணமானதிலிருந்து அவள் மொழிபெயர்த்ததெல்லாம் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும்தான். பிரான்சுக்குப் போகிறவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், வரிசையாக வந்து ஹாலில் உட்காருவார்கள், இன்னார் மகன் இன்னார் இன்ன தேதியில் இன்ன கொம்யூன் பஞ்சாயத்தில் பிறந்தார் என்று அவள் முத்திரை குத்திக் கொடுப்பாள். மிஷேலும் அப்படித்தான் வந்தார், வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு. பிறகு இந்த மெனு அட்டைகளுக்குக் கீழே தமிழில் இரண்டு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கையில் சோற்றைப் பிசைந்தபடி, முதல் தடவையா, பொறக்காத சாகாத ஒண்ணை மொழிபெயர்க்கிறேங்க என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. குணாளன், காசு தருவாரா என்றான். அதைத்தான் கேட்டான். வேறு என்னென்னவோ கேட்டிருக்கலாம். என்ன எழுதியிருக்கு என்று கேட்டிருக்கலாம். அப்போது அவன் ரசம் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் அவள் இங்கே வர ஆரம்பித்தாள், வந்து திரும்பும்போது மல்லிகைக்குப் பதில் வேறு ஏதோ வாசனை, காப்பிக்கொட்டை வாசனை என்றாள், இருக்கலாம், இங்கே இப்போதும் அந்த வாசனைதான் அடிக்கிறது, ஆனாலும் சமையலறையில் நின்று தனக்குள் ஏதோ பாட்டை முனகுவாளே, அதற்கும் காப்பிக்கொட்டைக்கும் என்ன சம்பந்தம்.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. கப்பல் போட்டதை மாட்டினான், திராட்சைப் பெண்ணை மாட்டினான், எப்படியோ இரண்டு இடத்திலும் உள்ளே செங்கல் கிடைத்துவிட்டது. கீழே அவர்கள் இரண்டு பேரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். மிஷேல் மரியாதை தெரிந்தவர், ஒவ்வொரு தடவையும் தமிழில் ஆரம்பித்து, குணாளன் சார் பக்கம் ஒரு தடவை பார்த்து, பிறகுதான் அதற்குள் போவார், படிக்கட்டில் இறங்குகிறவர் மேலே இருப்பவனிடம் சொல்லிக்கொண்டு இறங்குவதுபோல். அதுவே எரிச்சலாக இருந்தது. மரியாதை இல்லாதவராக இருந்திருந்தால் வெறுப்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஆள் பார்க்கவும் ஒன்றும் பிரமாதம் இல்லை, காது ஓரத்தில் நரைமுடி, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும் மணிக்கயிறு, முழங்கால் வலியால் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார். இவரிடம் என்ன இருக்கிறது. அந்தப் பாஷை இருக்கிறது. வசுமதி தமிழில் பேசும்போது வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவள், கடைக்காரர்கள்கூட அம்மா ரொம்ப அமைதி என்பார்கள். பிரெஞ்சில் அவள் வேறு ஆள். கையை வீசுகிறாள், நடுவில் வெட்டிப் பேசுகிறாள், உதட்டைக் குவித்து ப்பூ என்று ஊதி, அதெல்லாம் இல்லை என்கிறாள். இந்த ஊதல் இத்தனை வருஷமாக எங்கே இருந்தது. அவனோடு இருந்த வீட்டில், அதே உடம்பில், இன்னொருத்தி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளா.

அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல். கல்யாணமான புதிதில் பீச் ரோட்டில் சுண்டல் தின்றுகொண்டே அவள் சொல்லிக் கொடுத்தது. நம்ம தமிழ் மாதிரிதாங்க, அதுலயும் நீ உண்டு, நீங்க உண்டு, இங்கிலீஷ் மாதிரி எல்லாருக்கும் ஒரே யூ கிடையாது. தூ என்றால் நீ. வூ என்றால் நீங்க. என்னை எதில் கூப்பிடுவாய் என்று கேட்டான், வூதான், வேற எப்படி என்றாள், திண்டிவனத்திலிருந்து வந்து கடை போட்டவனுக்கு அன்றைக்கு அது பெரிய பட்டம் கட்டியதுபோல் இருந்தது. இப்போது ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அந்த இரண்டு சொல்லையும் காதில் சல்லடை கட்டித் தேடிக்கொண்டிருந்தான். மிஷேலை அவள் வூ என்கிறாளா, தூ என்கிறாளா. அவ்வளவுதான் தெரிய வேண்டும். வூ என்றால் கீழே இறங்கி ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மீதியை மாட்டிவிடலாம். ஆனால் அந்தப் பாஷையில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன, எங்கே ஒன்று முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று தெரிவதற்குள் வாக்கியம் போய்விடுகிறது. ஒரு வூ காதில் விழுந்ததுபோல் இருந்தது. அது வூவா, வேறு ஏதாவது சொல்லின் வாலா. டிரில்லை அழுத்தினால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அழுத்தாமல் நின்றால், என்ன சார், சுவர் தகராறு பண்ணுதா என்பார். அதனால் அழுத்தி அழுத்தி விட்டான். இடைவெளியில் கேட்டான். கேட்கக் கூடாது என்று இன்னும் பலமாக அழுத்தினான். விட்டதும் மறுபடி கேட்டான்.

அடுத்த சட்டத்தை மிஷேல் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது, கண்ணாடியும் தடிமன். பார்த்தவுடன் இது சரியில்லாத சரக்கோ என்று குணாளனுக்குத் தோன்றியது, மற்ற அட்டைகளில் வலது பக்கம் எண்கள் இறங்கி வருகின்றன, இதில் அந்தப் பக்கம் வெறும் புள்ளிகள், புள்ளிகள் முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. அச்சுப் பிழை போலிருக்கிறது. மிஷேல் அந்த வெற்று ஓரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். வசுமதி பதில் சொன்னாள், நீளமாகச் சொன்னாள், சொல்லும்போது ஒரு நொடி கண்ணை உயர்த்தி ஸ்டூல் பக்கம் பார்த்தாள், அவன் பார்க்கிறான் என்றதும் தாழ்த்திக்கொண்டாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். தொண்டையிலிருந்து வந்த சிரிப்பு. அவன் கேட்டிராத சிரிப்பு. சிரிப்பு அடங்கும்போது அவள் மிஷேலின் முழங்கையை ஒரு விரலால் தட்டி, தூ என்றாள். ஒட்டாமல், ஓடாமல், தனியாக, ஒரு கூழாங்கல்லைத் தரையில் வைத்ததுபோல். அதற்குப் பின்னால் வந்தது எதுவும் அவனுக்குப் புரியவில்லை, புரிய வேண்டியிருக்கவும் இல்லை.

டிரில் உள்ளே போனது, செங்கல்லே கிடைக்கவில்லை, மாவு மாவாகக் கொட்டியது. ஓட்டை பெரிதாகிவிட்டது. ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினால் விரலால் வெளியே இழுத்துவிடலாம் போல் இருந்தது. அவன் கடையில் இரண்டு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், இதேபோல் ஒருத்தன் மோட்டாரைத் தளர்ந்த போல்ட்டில் விட்டுவிட்டு வந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஓரமாகப் போய் வேறு ஓட்டை போட வேண்டும். தெரியும். கை அதற்கு மெஷினைத் தூக்கவும் செய்தது. பிறகு தாழ்ந்தது. தூ. ஸ்க்ரூவைத் திருகினான், ஸ்க்ரூவோடு பிளக்கும் சேர்ந்து சுற்றியது, சுற்றட்டும். விழட்டும். இன்றைக்கு இல்லை, நாளைக்கு, கடற்காற்றில் கதவு ஒரு தடவை அறைந்து சாத்தும்போது, யாரும் இல்லாத நேரத்தில், கண்ணாடி சில்லு சில்லாகப் போய், அந்த மஞ்சள் காகிதம் தரையில் கிழிந்து கிடக்கட்டும். பழைய சுவர் சார், என்ன பண்றது என்று சொல்லிக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள். சட்டத்தை ஸ்க்ரூவில் தொங்கவிட்டு மெதுவாகக் கையை எடுத்தான். நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான், இதில்தான் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. வசுமதி கீழேயிருந்து, இதுதாங்க ரொம்ப நேரா இருக்கு என்றாள்.

மிஷேல் காப்பிக்கு அழைத்தார். குணாளன் இறங்கி, கை கழுவி, ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். சர்க்கரை எங்கே என்று யாரும் கேட்கவில்லை, வசுமதி உள்ளே போய் எடுத்து வந்தாள், கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே. உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்து, தலையைப் பின்னால் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு நாற்காலிகள் இருக்கின்றன. அங்கே போய் ஏன் உட்கார்ந்தாள். தினமும் அங்கேதான் உட்காருவாளோ, சனிக்கிழமைகளில் அதுதான் அவள் இடமோ, இப்போதும் அவனுக்கு அதுதான் முதலில் தோன்றியது, அதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. எழுந்திரு என்று சொல்லலாம். ஏன் என்பாள். சுவர் சரியில்லை என்றால், இத்தனை நேரம் சரியாக இருந்ததே என்பாள். வெயிலாக இருக்கிறது, இந்தப் பக்கம் வா என்றால். அங்கேதான் நிழல். ஒன்றும் ஆகாது, நாளைக்குத்தான் விழும், கதவு அறைந்தால்தான் விழும், கதவு சாத்தியிருக்கிறதா, பாதி திறந்திருக்கிறது, காற்று அதை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறது, மிஷேல் சில்லறை வியாபார லைசென்ஸ் பற்றி ஏதோ கேட்கிறார், ஆமாம் சார் என்கிறான், அவள் தலை சுவரில் பட்டுக்கொண்டிருக்கிறது, மூச்சு விடும்போதுகூட அது லேசாக அசையும் இல்லையா, அந்தக் கண்ணாடி எவ்வளவு தடிமன், விளிம்பு கீழ் நோக்கி வந்தால், நெற்றியில், கண்ணில். அப்போது சட்டத்தின் பின்னாலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. சத்தமே இல்லாமல் அவள் தலை வகிட்டில் விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

குணாளன் எப்படி அந்தக் கூடத்தைக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. டம்ளர் எங்கேயோ சாய்ந்தது. இரண்டு கையாலும் சட்டத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளுக்கு மேலே குனிந்து நின்றான்.

"எழுந்திரு வசு. அந்தப் பக்கம் போ."

அவள் பதறி எழுந்தாள். அவன் அழுத்தத்தைத் தளர்த்தியதும் ஸ்க்ரூ பிளக்கோடு வெளியே வந்து, முழு பாரமும் அவன் கையில் இறங்கியது. தரையில் வைத்தான். மிஷேல் எழுந்து வந்து ஓட்டையைப் பார்த்து, பழைய சுவருதானே சார், பிடிக்கலை போல, நீங்க பார்த்தது நல்லதாப் போச்சு என்றார். இவ்வளவு சுலபமாக வெளியே வர ஒரு வழி திறந்து வைத்திருந்தார். அதில் நுழைய அவனால் முடியவில்லை.

"பிடிக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். தெரிஞ்சுதான் விட்டேன்."

மிஷேல் அவனைப் பார்த்தார், வசுமதியைப் பார்த்தார், சிந்திய காப்பியைத் துடைக்கத் துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லி உள்ளே போனார். துணி மேஜை மேலேயே கிடந்தது. வசுமதி தலையில் கையை வைத்து, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். நீ அவரைத் தூ என்று சொன்னபோது என்றான். சொல்லிக் கேட்கும்போது அது எவ்வளவு சின்னதாக இருந்தது. முதல் நாளே அவர் கேட்டுக்கொண்டாராம், வூ போட்டுப் பேசினால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று. அதனால் சொல்கிறாளாம்.

"நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை," என்றாள். "ஆனா இங்க வர்றது எனக்குப் பிடிச்சிருக்கு. அதையும் சொல்லிடறேன். ரெண்டும் உண்மை."

இரண்டில் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் அவன் ஏதாவது ஒரு பக்கம் போய் நின்றிருப்பான். சண்டை போட்டிருப்பான், இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்டிருப்பான். குனிந்து சட்டத்தின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, அப்படி என்ன எழுதியிருந்தது, சிரித்தீர்களே என்று கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் படிக்கிற எதைப் பற்றியும் அவன் கேட்ட முதல் கேள்வி அது, அது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைக் கண்ணாடி மேல் வைத்துக் காட்டினாள். அந்தக் காலத்தில் பெரிய ஓட்டல்களில் ஆண் கையில் கொடுக்கிற அட்டையில் விலை இருக்குமாம், கூட வந்த பெண் கையில் கொடுப்பதில் விலை போட மாட்டார்களாம். இது பெண்ணுக்குக் கொடுத்தது.

"எங்க வீட்டுல இதைத் தலைகீழா மாத்தி அடிக்கணும்னு சொன்னேன். அரிசி விலையிலேர்ந்து மாத்திரை விலை வரைக்கும் என் தலைக்குள்ள, அவர் பாட்டுக்கு நிம்மதியாச் சாப்பிடுவார்னு. அதுக்குத்தான் சிரிச்சோம்."

அப்போது அவள் ஸ்டூல் பக்கம் பார்த்தது அதற்குத்தான். பேசியது அவனைப் பற்றி. அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அந்தப் பேச்சுக்குள் அவனே இருந்திருக்கிறான், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், நிம்மதியாக, அவனுக்கே அடையாளம் தெரியாமல். அது ஆறுதலா, இன்னும் மோசமா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவள் இதைத் தன்னிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்போமா என்று நினைத்துப் பார்த்தான். சொல்லியிருந்தால் தான் என்ன பதில் சொல்லியிருப்பான் என்றும் நினைத்துப் பார்த்தான். வசுமதி எழுந்து முந்தானையை உதறினாள்.

"சரியா மாட்டுங்க," என்றாள்.

ஒரு கை அகலம் தள்ளிச் சுவரைத் தட்டிப் பார்த்தான். சத்தம் மாறுகிற இடத்தில் டிரில்லை வைத்தான். இந்தத் தடவை சுவர் எதிர்த்தது, கை அதிர்ந்தது, செங்கல்லின் சிவப்புத் தூள் கொட்டியது. பெட்டிக்குள் கிடந்த மரத்துண்டைச் சீவி, ஆப்பாக்கி, சுத்தியலால் அடி அடியென்று அடித்து இறக்கினான். அதற்குள் நீள ஸ்க்ரூவைத் தோள் வலிக்கத் திருகினான். உள்ளேயிருந்து மிஷேல் வந்து கதவருகே நின்றார். குணாளன் ஸ்க்ரூவை இரண்டு கையாலும் பற்றி, ஸ்டூலிலிருந்து குதிகாலைத் தூக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கிப் பார்த்தான். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. சட்டத்தை மாட்டினான். இனி கதவு எத்தனை தடவை அறைந்தாலும் அது அங்கேயே இருக்கும், வீட்டைப் புதிதாகப் பூசினாலும் அதைச் சுற்றித்தான் பூசுவார்கள். வருகிற சனிக்கிழமை அவள் அதற்குக் கீழே வந்து உட்காருவாள், அதற்கு அடுத்த சனிக்கிழமையும், அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கும்போது தலைக்கு மேலே அது உறுதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவன்தான் அப்படி மாட்டினான்.